மார்ச் 12 ஒன்று, நடந்தது இரண்டு: மொரீசியஸ் தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ச் சங்கங்கள், கோயில் நிர்வாகக் குழுக்கள், மாலைத் தமிழ் வகுப்புகள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

தைப்பூசக் காவடி முடிந்த கையோடு நம் மன்றங்களில் அடுத்த வேலை மார்ச் 12 விழாதான். கண்காட்சிப் பலகை, சிறுவர் பேச்சுப் போட்டி, வினாடி வினா, நினைவு மலர் என்று ஆளுக்கொரு பொறுப்பு. எங்களைப் போலத் தமிழும் வரலாறும் சொல்லிக்கொடுப்பவர்களிடம் அந்த வாசகங்கள் சரிபார்க்க வரும். வருபவற்றில் ஒரே குழப்பம் பல உருவங்களில் இருக்கிறது. "1968 மார்ச் 12 அன்று மொரீசியஸ் குடியரசானது" என்று ஒன்று. "சுதந்திரத்தோடு ராணியின் ஆட்சி முடிந்தது" என்று இன்னொன்று. "நம் முதல் ஜனாதிபதி ராம்கூலம்" என்று வினாடி வினா விடைத்தாளிலேயே ஒன்று. எழுதியவர்கள் மேல் குறை சொல்வதற்கில்லை. இந்தியாவுக்கு ஆகஸ்ட் 15 தனி, ஜனவரி 26 தனி. இலங்கைக்கு 1948 பிப்ரவரி 4 தனி, 1972 மே 22 தனி. நமக்கு 1968இல் சுதந்திரம், 1992இல் குடியரசு என்று இரண்டும் ஒரே மார்ச் 12இல் வந்து விழுந்ததால், நடுவிலுள்ள 24 ஆண்டுகள் பார்வையிலிருந்து நழுவிவிடுகின்றன. அந்த 24 ஆண்டுகளுக்குப் பலகையில் இடம் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் இடப் பங்கீடு. வழக்கமாகப் பலகைகளில் பாதியை பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே காலத்தில் வந்த புதுச்சேரிக் கொத்தர்களும் தச்சர்களுமே பிடித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு வேறு நாளில் விழா எடுக்கலாம். மார்ச் 12 கண்காட்சியை 1948இலிருந்து தொடங்குங்கள். 1947இல் வந்த புதிய அரசியலமைப்புதான் வாக்குரிமையைச் சொத்துக்காரர்களின் பிடியிலிருந்து கழற்றியது. இந்தத் தீவில் வழங்கும் மொழிகளில் ஏதாவது ஒன்றில் எளிய வாக்கியங்களைப் படிக்கவும் எழுதவும் தெரிந்தால் போதும், வாக்குச்சீட்டு கிடைக்கும். தமிழும் அந்த மொழிகளில் ஒன்று. வாக்காளர் எண்ணிக்கை சுமார் 12,000இலிருந்து சுமார் 72,000 ஆனது. கரும்புத் தோட்ட முகாமில் அரிக்கேன் விளக்கடியில் 'அ' எழுதிப் பழகியவருக்கு அந்த எழுத்தே வாக்கானது என்பதை ஒரு சிறுவனுக்குப் புரியவைக்க இந்த இரண்டு எண்களே போதும். பிறகு 1959 தேர்தலில் வயது வந்த எல்லோருக்கும் வாக்கு. இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை: 100 ரூபாய்த் தாளில் இருக்கும் தமிழ் அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசனைப் பலரும் சுதந்திர தினத்து மேடையில் நிற்பவராகவே எழுதிவிடுகிறார்கள். அவர் மறைந்தது 1958இல். 1959 தேர்தலையே அவர் பார்க்கவில்லை. அவர் படத்தை 1948க்கும் 1958க்கும் இடையிலுள்ள பலகையில் வையுங்கள். அங்கேதான் அவருடைய உழைப்பு இருக்கிறது.

அடுத்து 1965. செப்டம்பரில் லண்டன் லங்காஸ்டர் ஹவுசில் நடந்த அரசியலமைப்பு மாநாடு. சுதந்திரம் வேண்டும் என்று லேபர் கட்சியும் அதன் தோழமைக் கட்சிகளும் கேட்டன. பிரிட்டனோடு ஒட்டியே இருக்கலாம், எதுவானாலும் மக்களிடம் பொதுவாக்கெடுப்பு நடத்துங்கள் என்றது எதிர்த்தரப்புக் கட்சியான பி.எம்.எஸ்.டி. பிரிட்டன் எடுத்த முடிவு என்ன என்பதுதான் பலகையில் இடம்பெற வேண்டிய செய்தி: பொதுவாக்கெடுப்பு கிடையாது. பொதுத்தேர்தல் நடக்கும். புதிய சட்டமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் சுதந்திரம் கேட்டுத் தீர்மானம் போட்டால், ஆறு மாத முழுத் தன்னாட்சிக்குப் பின் சுதந்திரம்.

'சாதாரணப் பெரும்பான்மை' என்ற இரண்டு சொற்களையும் தடித்த எழுத்தில் போடுங்கள். பின்னால் குடியரசுக் கதையைச் சொல்லும்போது இவை இல்லாமல் ஒன்றும் புரியாது.

1967 ஆகஸ்ட் 7 அன்று தேர்தல். பிரதான தீவில் 20 தொகுதிகள், தொகுதிக்கு மூவர். ரொட்ரீக்ஸ் தீவுக்கு இருவர். ஆக 62 நேரடி இடங்கள். சுதந்திரக் கூட்டணிக்கு 39, பி.எம்.எஸ்.டி.க்கு 23. வாக்குக் கணக்கில் எதிர்த்தரப்புக்கு விழுந்தது சுமார் 44 விழுக்காடு. இந்த 44ஐ நம் மலர்களில் யாரும் போடுவதில்லை. ஊரே ஒன்றாக எழுந்து நின்று கொடி ஏற்றியதாகத்தான் கட்டுரைகள் போகின்றன. தயவுசெய்து போடுங்கள். பயந்தவர்களும் இருந்தார்கள், பெட்டி கட்டி ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டவர்களும் இருந்தார்கள். 1968 ஜனவரியில் போர்ட் லூயியில் கலவரம் வெடித்து, பிரிட்டிஷ் படை வரவழைக்கப்பட்டது. விழாவுக்கு வரவிருந்த இளவரசி அலெக்சாண்ட்ராவின் பயணம் அதனால்தான் ரத்தானது. மார்ச் 12 பகலில் ஷான் தே மார்ஸ் மைதானத்தில் யூனியன் ஜாக் இறங்கி நம் நான்கு வண்ணக் கொடி ஏறியபோது அரச குடும்பத்திலிருந்து ஒருவரும் அங்கே இல்லை. ஆனால் அரசி, சட்டப்படி, எங்கும் போகவில்லை. இங்கேதான் குழப்பம் தொடங்குகிறது.

1968இல் மாறியது என்ன? லண்டன் நாடாளுமன்றம் நமக்குச் சட்டம் போடும் அதிகாரத்தை விட்டது. மாறாதது என்ன? எலிசபெத் இப்போது 'மொரீசியஸ் ராணி'. நிர்வாக அதிகாரம் அவருடையது. அதை அவர் பெயரால் செலுத்துபவர் கவர்னர் ஜெனரல். மசோதாவுக்கு ஒப்புதல், குற்ற வழக்குகளின் பெயர், நிலப் பதிவேட்டில் அரசு நிலத்தின் பெயர், மேல்முறையீட்டின் கடைசிப் படி என எல்லாம் முடியாட்சியின் பெயரிலேயே நடந்தன. அரசியலமைப்பே 1968 மார்ச் 4 அன்று லண்டனில் பிறப்பித்த ஓர் அரச ஆணையின் இணைப்பாகத்தான் நமக்கு வந்தது. கடைசிக் காலனி ஆளுநர் சர் ஜான் ஷா ரென்னிதான் முதல் கவர்னர் ஜெனரலும். காலையில் ஆளுநர், மதியம் கவர்னர் ஜெனரல். இந்த மண்ணில் பிறந்த ஒருவர், சர் ராமன் ஒஸ்மான், அந்த நாற்காலியில் அமர ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. ராணி 1972 மார்ச்சில் ஒரு முறை வந்து போனார்.

ராம்கூலத்தைப் பற்றிய வினாவுக்கு விடையும் இங்கேயே இருக்கிறது. சுதந்திரம் வந்ததிலிருந்து 1982 வரை பிரதமர். 1983 டிசம்பரில் கவர்னர் ஜெனரல். 1985 டிசம்பர் 15 அன்று, பதவியில் இருக்கும்போதே மறைந்தார். அவர் ஜனாதிபதியாக இருந்ததே இல்லை. இருந்திருக்கவும் முடியாது, அந்தப் பதவி அவர் இறந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகுதான் உருவானது. வேடிக்கை என்னவென்றால், 1987இலிருந்து நம் நாணயங்களில் ராணியின் முகத்துக்குப் பதிலாக வந்தது அவர் முகம். சட்டப் புத்தகத்தை விட்டுப் போவதற்கு ஐந்து ஆண்டு முன்பே ராணி சில்லறையை விட்டுப் போய்விட்டார். உங்களிடம் பழைய நாணயம் சேர்ப்பவர் யாராவது இருந்தால், 1987க்கு முந்திய ஒரு ரூபாயையும் பிந்திய ஒரு ரூபாயையும் ஒரே கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். எந்தப் பலகையையும் விட அதன் முன்னால்தான் பிள்ளைகள் அதிக நேரம் நிற்பார்கள்.

இனி அந்த 24 ஆண்டுகள் ஏன் பிடித்தன என்பது. "மக்களுக்கு ராணி மேல் பாசம்" என்று ஒரு மலரில் எழுதியிருந்தது. இருக்கலாம். ஆனால் குடியரசு தாமதமானது எண்ணிக்கையால்.

அரசியலமைப்பின் 47ஆம் பிரிவைப் பாருங்கள். சாதாரண சட்டத்துக்குப் பாதிக்கு மேல் போதும். அரசியலமைப்பின் பொதுவான பகுதிகளை மாற்றச் சபையின் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அடிப்படை உரிமைகள், நீதித்துறை, நாட்டுத் தலைவர், தேர்தல் ஏற்பாடு போன்ற முக்கியப் பகுதிகளுக்கு நான்கில் மூன்று பங்கு. கவனியுங்கள்: அன்றைக்கு வந்திருந்தவர்களில் அல்ல, மொத்த உறுப்பினர்களில். வராதவரும் வாக்களிக்காதவரும் எதிர்த்தவர் கணக்கில்தான் சேர்வார்கள். தேர்தலில் தோற்றவர்களிலிருந்து சேர்க்கப்படும் எட்டு 'பெஸ்ட் லூசர்' உறுப்பினர்களோடு 70 பேர் உள்ள சபையில் 53 கைகள் உயர வேண்டும். சுதந்திரத்துக்கு 36 போதுமாக இருந்தது. குடியரசுக்கு 53.

இந்த 53ஐக் கையில் வைத்துக்கொண்டு தேர்தல்களை வரிசையாகப் பாருங்கள். 1972இல் நடக்க வேண்டிய தேர்தலை 1969இல் அரசியலமைப்பைத் திருத்தி 1976க்குத் தள்ளிவிட்டார்கள். நடுவில் அவசரநிலை வேறு. 1976 டிசம்பரில் எம்.எம்.எம். என்ற இடதுசாரிக் கட்சி 34 இடங்களோடு தனிப்பெரும் கட்சியாக வந்தும், லேபரும் பி.எம்.எஸ்.டி.யும் கைகோத்து ஆட்சியைப் பிடித்தன. 53 எந்தப் பக்கமும் இல்லை. 1982 ஜூனில் எம்.எம்.எம்., பி.எஸ்.எம். என்ற இரு கட்சிகளின் கூட்டணி பிரதான தீவின் 60 இடங்களையும் அள்ளியது. எண்ணிக்கை அப்போது இருந்தது. குடியரசு வேண்டும் என்று பேசிவந்த கட்சியும் ஆட்சியில் இருந்தது. ஆனால் ஒன்பது மாதத்தில் கூட்டணி உடைந்தது. எண்ணிக்கை கையில் இருந்தபோது ஒற்றுமை போய்விட்டது.

1983 ஆகஸ்ட் தேர்தலில் எம்.எஸ்.எம்., லேபர், பி.எம்.எஸ்.டி. சேர்ந்த கூட்டணிக்கு 41 நேரடி இடங்கள், எம்.எம்.எம்.முக்கு 19, ரொட்ரீக்சுக்கு 2. அந்த ஆண்டு டிசம்பரில் குடியரசு மசோதா சபைக்கு வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 41ஓடு எட்டு பெஸ்ட் லூசர் இடங்கள் அத்தனையையும் ஆட்சிக் கூட்டணிக்கே கொடுத்தாலும் 49. ரொட்ரீக்சின் இருவரையும் சேர்த்தால் 51. 53 வரவே வராது. எதிர்க்கட்சி கை தூக்காமல் அந்த மசோதா தாண்ட வழியே இல்லை. எதிர்க்கட்சி தூக்கவில்லை, மசோதா விழுந்தது. குடியரசு என்ற எண்ணத்தை எல்லோரும் எதிர்த்ததாக இதற்குப் பொருளில்லை. மசோதாவைக் கொண்டுவருபவர் யார், கூடவே அதில் என்னென்ன திருத்தங்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன, முதல் நாற்காலி யாருக்கு என்ற மூன்று கேள்விகளில் ஒன்றிலாவது ஒவ்வொரு முறையும் இடறியது. 1990இல் எம்.எஸ்.எம்.மும் எம்.எம்.எம்.மும் கூட்டுச் சேர்ந்து மறுபடி முயன்றபோது லேபர் கட்சி உடன்படவில்லை. எண்ணிக்கை கூடவில்லை. இரண்டாவது தோல்வி.

1991 செப்டம்பர் 15 தேர்தல் இந்த முட்டுக்கட்டையை எடுத்தது. அனெருட் ஜக்நாத் தலைமையிலான எம்.எஸ்.எம்.–எம்.எம்.எம். கூட்டணிக்கு 62இல் 57. நான்கு பெஸ்ட் லூசர் இடங்களோடு சபை 66 பேர். நான்கில் மூன்று என்றால் 50. கூட்டணியிடமே ஏழு கூடுதல். டிசம்பர் 10 அன்று 1991ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (மூன்றாம் திருத்தம்) சட்டம் நிறைவேறியது. 1992 மார்ச் 12 அன்று நடைமுறைக்கு வந்தது. பலகையில் 1983, 1990, 1991 மூன்றுக்கும் மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் 'தேவை', 'இருப்பு' என்று இரண்டு எண்களை மட்டும் எழுதினால் ஒரு பத்தி மிச்சம். 1990 கட்டத்தில் 'இருப்பு' எண்ணை விட்டுவிட்டு 'கூடவில்லை' என்று எழுதினால் போதும். கட்சி தாவியவர்களை எண்ணப் போனால் சண்டைதான் வரும்.

அந்தச் சட்டம் என்ன செய்தது என்பதில் மிகையும் உண்டு, குறையும் உண்டு. "புதிய அரசியலமைப்பு எழுதினார்கள்" என்பது மிகை. எழுதவில்லை. 1968இல் வந்த அதே ஆவணத்தில், வீட்டுப் பத்திரத்தில் உரிமையாளர் பெயரை மாற்றுவதுபோல், பிரிவு பிரிவாகப் போய் மாற்றினார்கள். ராணி இருந்த இடத்தில் ஜனாதிபதி. சட்டமன்றம் இருந்த இடத்தில் தேசியப் பேரவை. முடியாட்சி நிலம் அரசு நிலமானது. இலங்கை 1972இல் தனி அரசியல் நிர்ணய சபை கூட்டி, பழைய ஏற்பாட்டை மொத்தமாகத் தூக்கிவிட்டுப் புதிதாக எழுதியது. சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவு அதோடு போனது. தமிழர் நமக்கு அந்த வேறுபாடு சிறியதல்ல. இங்கே உள்ளூர் விதிப்படி, உள்ளூர்ப் பூட்டைத் திறந்து, உள்ளே இருந்ததைக் கலைக்காமல் பெயரை மாற்றினார்கள். இரண்டு முறை தோற்றது அந்தப் பூட்டு வேலை செய்ததற்கு அடையாளம் என்றே நாங்கள் பார்க்கிறோம்.

"பெயர் மட்டும்தான் மாறியது, வேறொன்றும் இல்லை" என்பது குறை. கவர்னர் ஜெனரல் ராணியின் விருப்பம் உள்ளவரை இருப்பவர். ஜனாதிபதிக்கு ஐந்தாண்டு. பிரதமர் முன்மொழிய, விவாதம் இல்லாமல், பேரவையின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை அவரைத் தேர்ந்தெடுக்கிறது. குறைந்தது 40 வயது, முந்திய ஐந்தாண்டு இங்கே வசித்திருக்க வேண்டும். மக்கள் நேரடியாக வாக்களிப்பதில்லை. இதைப் பிள்ளைகள் மட்டுமல்ல, மேடையில் பேசுபவர்களும் மாற்றிச் சொல்கிறார்கள். மசோதா பிடிக்கவில்லை என்றால் 21 நாளுக்குள் திருப்பி அனுப்பி மறுபரிசீலனை கேட்கலாம். பேரவை மறுபடி நிறைவேற்றினால் கையெழுத்திட்டே ஆக வேண்டும். கையெழுத்திட மனமில்லாதவருக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி பதவி விலகல்.

அந்த வழியில் போனவர்களும் உண்டு, அதில் தமிழரும் உண்டு. 2002 பிப்ரவரியில் பயங்கரவாதத் தடுப்பு மசோதாவில் கையெழுத்திட மறுத்து ஜனாதிபதி காசாம் உத்தீம் விலகினார். துணை ஜனாதிபதி அங்கிடி செட்டியார் பொறுப்பேற்று, அவரும் மறுத்து விலகினார். அடுத்து அரசியலமைப்பின்படி தலைமை நீதிபதி அரிரங்கா பிள்ளை பொறுப்புக்கு வந்தார், சட்டம் கையெழுத்தானது. ஒரே வாரத்தில் இரண்டு பேர் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். குடியரசு என்றால் என்ன, ஜனாதிபதிக்கு என்ன முடியும், என்ன முடியாது என்று உயர்வகுப்புப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல பாடம் இல்லை. எந்தக் கண்காட்சியிலும் நாங்கள் இதைப் பார்த்ததில்லை.

இன்னொரு மாற்றம் கண்ணில் படாதது. அரசியலமைப்பின் முதல் பிரிவு 1968இல் 'இறைமையுள்ள ஜனநாயக நாடு' என்றது. 1991 சட்டம் 'மொரீசியஸ் குடியரசு என அழைக்கப்படும்' என்பதைச் சேர்த்ததோடு, அந்தப் பிரிவுக்கு மற்றெல்லாவற்றையும் விடப் பெரிய பூட்டைப் போட்டது. அதை மாற்ற வேண்டுமானால் முதலில் பொதுவாக்கெடுப்பில் மொத்த வாக்காளர்களில் நான்கில் மூன்று பங்கு ஒப்ப வேண்டும். பிறகு பேரவையில் ஒருவர் விடாமல் எல்லோரும் ஆதரிக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல் என்ற விதிக்கும் இதே பூட்டு. 1969இல் தேர்தலைத் தள்ளிப்போட்ட அனுபவம் அதற்குப் பின்னால் இருக்கிறது. 2006இல் ஒரு ஜாமீன் வழக்கில், இந்தப் பூட்டைத் திறக்காமல் ஜனநாயகத்தின் அடிப்படையைத் தொட முடியாது என்று சொல்லி ஒரு திருத்தத்தைப் பிரிவி கவுன்சில் செல்லாததாக்கியது.

ஆமாம், பிரிவி கவுன்சில்தான். குடியரசாகி இத்தனை ஆண்டுக்குப் பிறகும் நம் கடைசி மேல்முறையீடு லண்டனுக்கே போகிறது. 2008இல் அந்த நீதிபதிகள் போர்ட் லூயிக்கே வந்து அமர்வு நடத்தினார்கள். காமன்வெல்த்திலும் இருக்கிறோம். ராயல் காலேஜ்கள் ராயல் காலேஜ்களாகவே இருக்கின்றன. அரசாங்க மாளிகை வாசலில் விக்டோரியா ராணியின் சிலையும் இருக்கிறது. இதையெல்லாம் பார்த்துவிட்டு "இது என்ன குடியரசு?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும். எதை மாற்றுவது, எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்கும் உரிமை இங்கே வந்தது என்பதுதான் விடை. விடை சொல்பவருக்கு மேலே உள்ள வரிசை தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது நம் வீட்டு விஷயம். சர் வீராசாமி ரிங்காடு நம் முதல் ஜனாதிபதி, தமிழர். எல்லாப் பலகையிலும் இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் அதோடு நிறுத்திவிடுகிறோம். 1986 ஜனவரி முதல் அவர் கவர்னர் ஜெனரல். தன் பதவியையே ஒழிக்கும் சட்டம் அவர் காலத்தில்தான் நிறைவேறியது. 1992 மார்ச் 12 முதல் ஜூன் 30 வரை, நான்கு மாதம்கூட இல்லை, ஜனாதிபதி. ஜூலை 1 முதல் உத்தீம். ராணியின் கடைசிப் பிரதிநிதியும் குடியரசின் முதல் தலைவரும் ஒரே ஆள் என்பதுதான் அவர் கதையில் சொல்ல வேண்டியது. ஒரு படம் போதாது. நாட்டுத் தலைவரின் இல்லமான லெ ரெதுய் மாளிகையின் ஒரே மேசைக்கு இரு பக்கமும் அவர்தான் அமர்ந்தார். மேலே சொன்ன செட்டியாரையும் பிள்ளையையும், 2018இல் அமீனா குரிப்-பக்கீம் விலகியபின் பொறுப்பு ஜனாதிபதியாக இருந்த பரமசிவம் பிள்ளை வையாபுரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெருமைக்கு அடுத்த பலகையில் ஒரு சங்கடத்தையும் வைக்கச் சொல்கிறோம். அரசியலமைப்பின் முதல் அட்டவணையில் சமூகங்கள் நான்கு: இந்து, முஸ்லிம், சீன-மொரீசியர், இவற்றில் சேராதவர்களுக்கு 'பொது மக்கள்'. தமிழர் என்று ஒரு சொல் அதில் கிடையாது. தெலுங்கரும் மராத்தியரும் கிடையாது. வேட்புமனுவில் தமிழ் வேட்பாளர் 'இந்து' என்றே குறிக்கிறார். எட்டு பெஸ்ட் லூசர் இடங்களில் முதல் நான்கு, குறைவாக இடம் கிடைத்த சமூகத்துக்கு. அடுத்த நான்கு, கட்சிகளின் பலம் மாறாமல் சமன் செய்ய. சமூகக் கணக்கு எடுப்பது எந்தக் கணக்கெடுப்பிலிருந்து? 1972இலிருந்து. 1982இல் கணக்கெடுப்பிலிருந்து சமூகக் கேள்வியை எடுத்துவிட்டார்கள், ஆனால் அட்டவணையை எடுக்கவில்லை. ஆகவே ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட எண்களை வைத்தே இன்னும் இடம் பிரிக்கிறார்கள். 2012இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, புதிய கணக்கெடுப்பு இல்லாமல் வேட்பாளரைச் சமூகம் குறிக்கச் சொல்வது சரியில்லை என்றது. 2014 தேர்தலுக்கு மட்டும் தற்காலிகச் சட்டம் போட்டு விலக்குக் கொடுத்தார்கள்.

1991 திருத்தம் ராணியை எடுத்தது, இந்த அட்டவணையைத் தொடவில்லை. சங்க மேடைகளில் "அட்டவணையில் தமிழரைச் சேர்" என்று ஒரு குரலும் "அட்டவணையையே தூக்கு" என்று ஒரு குரலும் கேட்கின்றன. எங்களுக்குள்ளேயே இரண்டும் உண்டு, அதை இங்கே தீர்க்கப் போவதில்லை. எதைக் கேட்பதானாலும் அதுவும் அதே 47ஆம் பிரிவில், அதே நான்கில் மூன்று பூட்டுக்குள்தான் இருக்கிறது. அமைச்சருக்கு மாலை போட்டு மனுக் கொடுத்தால் நடந்துவிடும் என்று சொல்பவருக்கு 1983 கட்டத்தைக் காட்டுங்கள். ஆளுங்கட்சி மட்டும் போதாது, எதிர்க்கட்சித் தலைவரிடமும் அதே மனு போக வேண்டும்.

சட்டம் தேவைப்படாத இடத்தில் குரல் எடுபட்டிருக்கிறது. 1998இல் வந்த புதிய ரூபாய்த் தாள்களில் தமிழ் வரி இந்திக்குக் கீழே போனது. ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற பழைய வரிசையைக் காட்டி நம்மவர்கள் எதிர்த்தார்கள். 1999இல் அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, வரிசை சரிசெய்யப்பட்டது. அது மத்திய வங்கியின் முடிவு, 53 கைகள் தேவைப்படவில்லை.

வரைபடத்தைப் பற்றி ஒன்று. பல பலகைகளில் பிரதான தீவும் ரொட்ரீக்சும் மட்டும் இருக்கின்றன. 1965 நவம்பர் 8 அன்று பிரிட்டன் சாகோஸ் தீவுக்கூட்டத்தை நம்மிடமிருந்து பிரித்தது. குடியரசாக்கிய அதே 1991 சட்டம்தான் அரசியலமைப்பில் மொரீசியஸ் என்பதற்கு ரொட்ரீக்ஸ், அகலேகா, த்ரொம்லென், கார்கதோஸ் கராஜோஸ், தியேகோ கார்சியா உள்ளிட்ட சாகோஸ் என்று விளக்கம் கொடுத்தது. ஆகவே அரசியலமைப்பின்படி வரையும் வரைபடத்தில் இவை எல்லாம் இருக்க வேண்டும். 2019இல் சர்வதேச நீதிமன்றம் அந்தப் பிரிப்பு சட்டப்படி நடக்கவில்லை என்று கருத்துரைத்தது. 2025 மே 22 அன்று இரு நாடுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கையெழுத்தாவது வேறு, நடைமுறைக்கு வருவது வேறு. 'மீட்டுவிட்டோம்' என்று அச்சடிப்பதற்கு முன் அந்த வாரத்துச் செய்தியைப் பாருங்கள்.

அச்சு வேலைக்குச் சில சொற்கள். ஒரு பலகையில் 60 தமிழ்ச் சொற்களுக்கு மேல் வேண்டாம். நம் பிள்ளைகளில் பலர் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள், நீளமாக இருந்தால் படத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கீழே கிரியோலில் ஒரு வரி போடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கொடியில் மேலிருந்து சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. அலங்காரத் தோரணத்தில் தலைகீழாகத் தொங்கவிடுவது வழக்கமாகிவிட்டது. அதே கொடிதான் 1968இலும் 1992இலும், 'குடியரசுக் கொடி' என்று தனியாக ஒன்று கிடையாது. வினாடி வினாவில் "மொரீசியஸ் எப்போது விடுதலை பெற்றது?" என்று கேட்டால் "எதிலிருந்து?" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பிரான்ஸ் என்று சொல்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து தீவைப் பிரிட்டன் 1810இலேயே பிடித்துவிட்டது.

அரசியலமைப்பின் முழுப் பிரதி தேசியப் பேரவையின் இணையதளத்தில் கிடைக்கிறது. 1, 28, 46, 47, 111ஆம் பிரிவுகளையும் முதல் அட்டவணையையும் அச்செடுத்து வாசகம் எழுதுபவர் கையில் கொடுத்துவிடுங்கள், இருபது பக்கத்துக்குள் அடங்கும். மலர் வாசகத்தையும் வினாக்களையும் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்குள் அனுப்பினால் பார்த்துத் தருகிறோம். மார்ச் 10 அன்று அச்சகத்திலிருந்து போன் செய்தால் எழுத்துப் பிழையை மட்டும்தான் திருத்த முடியும்.

இப்படிக்கு,
போர்ட் லூயி, ரோஸ் ஹில் பகுதி மாலை வகுப்புகளின் தமிழ், வரலாற்று ஆசிரியர்கள் சிலர்